மணவறையின் பின்பக்கம்

பொன் உருகிச் சின்ன உருண்டையாகச் சிவந்து நின்ற நேரம், மாப்பிள்ளையின் தாய்மாமன் கையை உயர்த்தி, இனிக் கமராவைத் திருப்பும்படி கட்டளையிட்டார்.

வீடியோ நேசன் திருப்பினார். மாப்பிள்ளை படத்திலிருந்து மறைந்தார். அவர் இருந்த இடத்தில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வந்து நின்றன. உடுப்பிட்டியில் மாப்பிள்ளை வீட்டு விறாந்தையில் இருந்த நாங்கள் எல்லோரும், பெரிய ஆபத்து ஒன்றைத் தாண்டிவிட்டவர்கள் போல மூச்சு விட்டோம். தாய்மாமன் சால்வையைச் சரிசெய்துகொண்டு கதிரையில் சாய்ந்தார்.

பொன்னுருக்கு என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்தத் தொடரை வேறு ஊர்களிலும் சிலர் படிக்கிறார்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். அவர்களுக்காக இரண்டு வரி. கலியாணத்துக்குச் சில நாட்கள் முன்பு, தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து உருக்குவார்கள். பெண் வீட்டார் போவார்கள், பெண் போகமாட்டாள். பொன் உருகிய கணத்திலிருந்து கலியாண நேரம் வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது.

யார் எப்போது போட்ட சட்டமோ தெரியாது. போட்டவர்கள் லைவ் என்று ஒன்று வரும் என எதிர்பார்க்கவில்லை.

பெண், என் அக்காவின் ஒரே மகள் தர்ஷிகா. அந்த நேரம் அவள் கொழும்புத்துறையில் தன் வீட்டில், கையில் போனோடு அந்த லைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பிரணவன் சின்ன வயதில் தாயோடு சுவிஸுக்குப் போனவர், அங்கே ட்ராம் ஓட்டுகிறார். சம்பந்தம் பேசி ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் இரண்டு பேரும் நாள் தவறாமல் வீடியோ கோலில் பார்த்துக்கொண்டவர்கள். நேரில் ஒருமுறைகூட இல்லை. லீவு கிடைக்கச் சுணங்கி, விமானமும் சுணங்கி, பிரணவன் வந்து இறங்கிய மறுநாள் காலையே பொன்னுருக்கு வைத்தாகிவிட்டது. ஒரு வருடமாக உள்ளங்கை அளவு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, முழு ஆள் ஊருக்கு வந்ததும் பார்க்கத் தடை.

போனில் பார்ப்பது பார்வையா இல்லையா என்று முதல்நாள் முழுக்க இரண்டு வீட்டுக்கும் வாக்குவாதம். அக்கா, அது வெறும் படம்தானே என்றாள். தாய்மாமன், அசைகிற படம் ஆளுக்குச் சமம் என்றார். கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. பொன் உருகும் மட்டும் மாப்பிள்ளையைக் காட்டலாம். உருகியதும் கமரா வேறு பக்கம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர், இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ஆட்கள் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறார்கள் என்றார்.

மைக்கை ஒருவரும் திருப்பவில்லை

கண்ணுக்கு இத்தனை காவல் போட்டவர்கள் காதை மறந்துபோனார்கள்.

முந்திய ஒரு கலியாண லைவில் சத்தம் கேட்கவில்லை என்று வெளிநாட்டுச் சொந்தங்கள் குறைப்பட்டதால், நேசன் இந்தமுறை நல்ல மைக் ஒன்று கொண்டுவந்திருந்தார். பொன் உருக்கும் ஆசாரியார் குழலால் ஊதும் சத்தம் லண்டன் வரைக்கும் கேட்க வேண்டும் என்று அதை அவருடைய நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஆசாரியார் வேலை முடித்து எழும்பியதும், அந்த இடத்தில் பாய் விரித்து இரண்டு சம்மந்திகளும் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்தார்கள். ஒன்று என் அக்கா. மற்றது பிரணவனின் தாய்.

உலகம் முழுக்க இருந்த எங்கள் சொந்தம் குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டு இவர்கள் கதைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் யாரோ ஒரு மச்சாளின் சீலை பற்றிய விமரிசனம் போனது. பிறகு சாம்பாரில் புளி கூடிய கதை. அதன் பிறகு பிரணவனின் தாய், தர்ஷியின் வேலையைப் பற்றிக் கேட்டார்.

அக்கா சொன்னாள்: "அவள் வேலையை விட்டிட்டாள் சம்மந்தி. போன கிழமையே எழுதிக் குடுத்திட்டாள். இனி உங்கடை சுவிஸிலை கதைக்கிற டொச் பாஷை படிக்கிறதுதான் வேலை."

எனக்கு இது அப்போது தெரியாது. நான் பின்பக்கம் சாப்பாட்டு அலுவலாக நின்றேன். என் போன் அடித்தது.

"சின்னம்மா," என்றாள் தர்ஷி. "நான் வேலையை விட்டிட்டனோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஆறுதலாக, கோபத்தின் தடமே இல்லாமல், தான் கேட்டதை வரிக்கு வரி சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். லைவில் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன என்றும், அவளுடைய அலுவலகப் பிள்ளைகள் எல்லோரும் அதே லிங்க்கில் இருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டு வைத்தாள். நான் ஓடிப்போய் மைக்கைக் காலால் தட்டிவிட்டேன். நேசன் இன்றுவரை அது தவறி விழுந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தால் மன்னிப்பாராக.

நானும் என் அன்னங்களும்

என்னைப் பற்றிப் புதிய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் மணவறை, அதாவது பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிற அலங்கார மேடை, கட்டுகிறவர்கள். இந்தக் குடாநாட்டில் எங்கள் அன்னங்களுக்கு நடுவில் இருந்து தாலி கட்டியவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் இன்றும் ஒன்றாக இருக்கிறார்கள்.

நாங்கள் தொழில் தொடங்கிய காலத்தில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகைகளைச் சூடாக்கிய கம்பியால் அறுத்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, பொன் தாள் ஒட்டுவோம். வீடு முழுக்க வெள்ளைத் துகள் பறக்கும். சோற்றுக்குள்ளும் இருக்கும். இப்போது கணினியில் கீறிக் கொடுத்தால் மெஷின் அறுத்துத் தருகிறது. பின்னால் பெரிய திரையில் கோபுரம் வேண்டுமென்றால் கோபுரம், பனிமலை வேண்டுமென்றால் பனிமலை. சுவிஸில் இருந்து வருகிறவர்கள் கோபுரம் கேட்கிறார்கள். ஊரில் இருக்கிறவர்கள் பனிமலை கேட்கிறார்கள். நான் இரண்டையும் மனச்சுத்தியோடு கட்டிக் கொடுக்கிறேன்.

பழைய மணவறைதான் அழகு என்று என்னிடம் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் அதை லொறியில் ஏற்றி இறக்கியதில்லை.

பொன்னுருக்குக்குப் பிறகு பார்க்கக் கூடாது என்ற சட்டத்துக்கு என் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் பொன்னுருக்கு முடிந்த கிழமை, இவர் எங்கள் ஒழுங்கையால் சைக்கிளில் வந்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தேன். பார்க்கக் கூடாதே என்று இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், பிரேக்கைப் பிடிக்கவில்லை. கிளுவை வேலிக்குள் போய் விழுந்து, கலியாணப் படத்தில் இவருடைய நெற்றியில் திருநீற்றுக்கு மேலே ஒரு கீறல் நிரந்தரமாக இருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பிரியம். ஒருவரைப் பார்க்காமல் இருக்க இவ்வளவு பாடுபடுகிற மனுஷனை நம்பலாம் என்று நினைத்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

இந்தச் சட்டத்தோடு கூடப் பிறந்த இன்னொரு சட்டமும் இருந்தது. பொன் உருகிய பிறகு இருவரும் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. நாங்கள் அதைச் சைக்கிளாலும் குடத்தாலும் அன்றே மீறியிருந்தோம். அதை யாரும் எதிர்த்துப் போராடவில்லை. அழகுக்கலை நிலையங்கள் வந்தன, அது தானாகவே போய்விட்டது. முகத்துக்கு, முடிக்கு, மருதாணிக்கு என்று பெண் ஒவ்வொரு நாளும் டவுனுக்குப் போய் வருகிறாள். ஒரு கிழவரும் வாய் திறக்கிறதில்லை. பார்க்கக் கூடாது என்பது மட்டும் மிச்சமாக நிற்கிறது.

கார்ட்டூன் கீறுகிறவள்

தர்ஷியின் வேலையை அக்கா ஊருக்குச் சொல்லும்போது "கொம்பியூட்டர் வேலை" என்பாள். உண்மையில் அவள் படம் கீறுகிறவள். டவுனில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே அவர்களுடைய அலுவலகம். எங்கேயோ இருக்கும் சின்னப்பிள்ளைகள் எண்ணும் எழுத்தும் படிக்க இங்கே இருந்து கார்ட்டூன் செய்து அனுப்புகிறார்கள். பல்லுத் தீட்ட மறுக்கும் ஒரு முதலை, கணக்கில் எப்போதும் பிழை விடும் ஒரு காகம், எல்லாம் இவளுடைய கையில் பிறந்தவை. அந்தக் காகத்துக்கு எங்கள் வீட்டுக்காரரின் நடை. அவருக்கு நான் இதுவரை சொல்லவில்லை.

அண்மையில் கீறுகிற பிரிவு முழுவதற்கும் அவளைப் பொறுப்பாக்கினார்கள். அவளுக்குக் கீழே வேலை செய்கிற பிள்ளைகள் வடமராட்சியில் இருந்தும் தீவுப்பகுதியில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள். பின்னேரம் டவுன் பஸ் நிலையத்தில் போய்ப் பாருங்கள், லப்டொப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கச்சான் கடலை கொறித்தபடி, மேலதிகாரியைத் திட்டியபடி நிற்கும் பெண்பிள்ளைகளை. நான் லொறியில் போகும்போதெல்லாம் அந்தக் கூட்டத்தைப் பார்ப்பேன். அவர்கள் நிற்கிற விதமே எனக்குப் பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல் நடைபாதை நடுவில் நின்று கதைப்பார்கள்.

பொன்னுருக்கு முடிந்து வீடு வந்ததும் தாய்க்கும் மகளுக்கும் சண்டை நடந்தது. சண்டை என்றால் தர்ஷி கேட்டாள், அக்கா அழுதாள். வந்த சம்பந்தம் இரண்டு முன்பு குழம்பியது, மகளுக்கு வயது ஏறுகிறது, சம்மந்தி ஒருநாள் போனில் வேலையை விட்டால்தானே பாஷை படிக்கலாம் என்று கேட்டதற்குத் தான் ஓம் என்று சொன்னது, பிறகு அதிலிருந்து இறங்க முடியாமல் போனது, எல்லாவற்றையும் அக்கா சொன்னாள். கலியாணம் முடியட்டும், பிறகு கதைத்துச் சரிக்கட்டலாம் என்பதுதான் அவளுடைய ஒரே பதில்.

தர்ஷி என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சின்னம்மா, அவர் என்ன நினைக்கிறார் எண்டு அவரின்ரை வாயாலை கேக்காமல் நான் மணவறைக்கு ஏறமாட்டன்."

போன் எடுத்துக் கேளன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஒரு வருடமாகப் போனில் முக்கியமாக எதைக் கேட்டாலும் அவர் "பார்ப்பம்" என்று சொல்கிறாராம். அதற்குள் படம் உறைந்துவிடும், அல்லது தாய் பின்னால் வந்து நிற்பார், அல்லது இந்தப் பக்கம் அக்கா வந்து நிற்பாள். உறைந்தது நெட்டா ஆளா என்று அவளுக்கு விளங்குவதில்லை.

"எனக்கு ஒருக்கால் அவர் பக்கத்திலை நிண்டு கேக்க வேணும். வேலை கூடாது எண்டு அவர் சொன்னால், நான் இப்பவே நிப்பாட்டுறன். பிறகு அழுகிறதை விட இது நல்லம்."

மண்டபம் எடுத்தாயிற்று, ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று, அக்காவுக்கு இரத்த அழுத்தம். அதோடு அது நான் எனக்கே பிடித்துக் கட்டிக்கொண்டிருந்த மணவறை. ஆனால் பிள்ளை கேட்டதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் சட்டம். கதைக்கக் கூடாது என்று ஒருவரும் எங்கேயும் சொல்லவில்லையே.

ஆணியும் வயரும்

கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் மண்டபத்தில் நாங்கள் மணவறையின் துண்டுகளைப் பூட்டிக்கொண்டிருந்தோம். நேசன், லைற் சரிபார்க்க மாப்பிள்ளை வந்து ஒருக்கால் இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். பிரணவன் வேட்டி கட்டி, தலைப்பாகையையும் வைத்துப் பார்க்கக் கொண்டுவந்தார். நல்ல உயரம். ஆளைக் கண்டால் அடக்கமான பிள்ளை போலத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் களை இல்லை. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

தர்ஷி இரண்டு ஒழுங்கை தள்ளி ஓர் அழகுக்கலை நிலையத்தில் மருதாணி போட்டுக்கொண்டிருந்தாள். மணவறையின் நிறத்துக்கு ஏற்றபடி பூ எடுக்க வேண்டும், பெண் ஒருக்கால் வந்து பார்க்கட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, நானே ஓட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவந்தேன். அக்கா நம்பினாள். எங்கள் தொழிலில் நிறத்தைச் சொல்லி எதையும் செய்யலாம்.

பின்கதவால் கொண்டுவந்து மணவறைக்குப் பின்னால் நிறுத்தினேன். மணவறையின் பின்பக்கத்தைக் கலியாணத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பதில்லை. முன்னால் பொன்னும் அன்னமும் தாமரையும். பின்னால் பலகைச் சட்டம், ஆணி, கட்டுக்கம்பி, லைற்றுக்குப் போகிற வயர்க் கும்பல். அதற்குள் தர்ஷி, ஈர மருதாணி அழிந்துவிடாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனைத் தொடக்கூட முடியாது. எனக்கு அதுவும் நல்லதாகப் பட்டது.

நேசனைத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப்போகும்படி இவருக்குக் கண்ணைக் காட்டினேன். இவருக்கு என் கண் பாஷை அரைவாசிதான் விளங்கும். தனக்குத் தேத்தண்ணி வேண்டாம் என்றார். பிறகு ஒருவாறு விளங்கிக்கொண்டு போனார்.

நான் மணவறையின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நின்றேன்.

"பிரணவன்," என்றாள் தர்ஷி.

அவர் திடுக்கிட்டு எழும்பினார். திரும்ப வேண்டாம் என்று நான் சொன்னேன். திரும்பினால் உம்முடைய மாமா என் மணவறையைக் கொளுத்திவிடுவார் என்றும் சொன்னேன். அவர் மெல்ல உட்கார்ந்து, முன்னால் இருந்த வெறும் கதிரைகளைப் பார்த்தார்.

"கிட்டத்தான் நிக்கிறீரோ?"

"ஓம். பின்னாலை."

"உம்மடை குரல் வேறை மாதிரிக் கிடக்கு."

"உங்கடையும்தான். போனிலை மெல்லிசாய்க் கேக்கும்."

இரண்டு பேருக்கும் இடையில் இரண்டு விரல் தடிப்பு ரெஜிபோம். சின்ன மூச்சுக்கூடக் கேட்கும். தர்ஷி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"நான் வேலையை விடேல்லை. அம்மா சொன்னது பொய். விடுறதாய் எனக்கு யோசினையும் இல்லை. வேலையை விட்ட பொம்பிளைதான் உங்களுக்கு வேணுமெண்டால் இப்ப சொல்லுங்கோ. நாளைக்கு நான் வெளிக்கிடமாட்டன்."

பிரணவன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். போனில் என்றால் நெட்டைச் சாட்டலாம். இங்கே சாட்ட ஒன்றுமில்லை. வாயைத் திற தம்பி என்று நான் மனதுக்குள் நல்லூர் முருகன் முதல் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

"எனக்கும் ஒண்டு சொல்லக் கிடக்கு," என்றார் கடைசியில். "ஆறு மாசத்திலை உம்மைச் சுவிஸுக்குக் கூப்பிடுவம் எண்டு அம்மா உங்கடை வீட்டிலை சொன்னவ. அது சரிவராது. என்ரை வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை. ஆகாமல் உம்மைக் கூப்பிட விசாப் பேப்பர் குடுக்கேலாது. எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு எனக்கே தெரியாது."

தர்ஷியின் நீட்டிய கைகள் கொஞ்சம் கீழே இறங்கின.

"ஒரு வருஷமாய் இதைச் சொல்லேல்லை நீங்கள்."

"சொன்னால் நீர் வேண்டாம் எண்டிடுவீர் எண்டு பயம். அதுதான் எதுக்கும் பார்ப்பம், பார்ப்பம் எண்டு சொன்னனான். நீர் வேலையையும் விட்டிட்டீர் எண்டு அண்டைக்கு உங்கடை அம்மா சொல்லக் கேட்டாப்பிறகு எனக்கு நித்திரையே இல்லை. வேலையும் இல்லாமல் அந்த வீட்டுக்குள்ளை இருந்து எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கப் போறீரே எண்டு."

அவள் கோபப்பட்டாள். நியாயமான கோபம். குரல் உயர்ந்தது, மண்டபத்தில் எதிரொலித்தது. இரண்டு அம்மாமாரும் சேர்ந்து பொய்யாலேயே பந்தல் போட்டிருக்கிறார்கள், நீங்களும் நானும் வாயில் கொழுக்கட்டையோடு இருந்திருக்கிறோம் என்று திட்டினாள். அவர் குனிந்துகொண்டு கேட்டார். ஒரு சொல்லுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. இவள் இப்படியே பின்கதவால் போய்விடப் போகிறாள் என்று நான் ஓட்டோவை நினைத்தேன்.

அவள் போகவில்லை. மூச்சை எடுத்து, குரலைத் தணித்து, கேட்டாள்.

"பேப்பர் எல்லாம் சரிவந்தால்?"

"உம்மைக் கேப்பன். வாறீரோ எண்டு."

"நான் இல்லையெண்டு சொன்னால்?"

அதற்கும் அவர் உடனே பதில் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. உடனே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

"அப்ப நான்தான் யோசிக்க வேணும்," என்றார். "இஞ்சை ட்ராம் இல்லைத்தானே."

"ஓட்டோ இருக்கு," என்றாள் தர்ஷி.

முன்பக்கம் அவர் சிரித்தார். பின்பக்கம் இவள் சிரித்தாள். ஒருவர் சிரிப்பதை மற்றவர் பார்க்கவில்லை. இரண்டையும் பார்த்தது நான் மட்டும்தான். நேசன் என்னதான் விலை கூடிய கமரா வைத்திருந்தாலும் அவருக்கு அது கிடைக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்து போய், வயரைச் சரிபார்க்கிற சாட்டில் குனிந்துவிட்டேன்.

பிரணவன் எழும்பி, தன் தாயிடம் தானே இன்றைக்குச் சொல்வதாகச் சொன்னார். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். தர்ஷி, மருதாணிக் கையால் தொடமுடியாதபடியால், முழங்கையால் என்னை இடித்தாள்.

சம்மந்திமார்

மறுநாள் காலை மண்டப வாசலில் இரண்டு சம்மந்திகளும் எதிரெதிரே வந்தார்கள். பிள்ளைகள் இருவரும் முதல்நாள் இரவே தத்தம் தாயிடம் சொல்லியிருந்தார்கள். பிரணவனின் தாயின் முகம் இஞ்சி தின்றதுபோல இருந்தது.

"பிள்ளை வேலைக்குப் போறாவாம்," என்றார்.

"ஓம். உங்கடை பேப்பர் அலுவலும் சுணங்குமாம்," என்றாள் அக்கா.

ஒருவருடைய பொய்யை மற்றவர் நன்றாகப் பார்த்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் நாதஸ்வரக்காரரைப் பார்த்தார்கள். பிறகு பிரணவனின் தாய் கையை நீட்டி, அக்காவின் கொண்டையில் சரிந்திருந்த பூச்சரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டார். அக்கா அவருடைய சீலைத் தலைப்பைத் தட்டி மடிப்பு எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒன்றாகப் பன்னீர்ச் செம்பு வைத்திருந்த மேசைக்குப் போனார்கள்.

தாலி கட்டியதைப் பற்றி எழுத வேண்டுமா? கட்டினார். தர்ஷி வெளிக்கிட்டு வந்தாள், மணவறைக்கு ஏறினாள், அழவில்லை. அவளுடைய அலுவலகப் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்து விசில் அடிக்கப் பார்த்தார்கள். தாய்மாமன் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள்.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, வாசலில் கட்டிய அலங்கார வளைவைக் கழற்றிவர நான் கொழும்புத்துறைக்குப் போனேன். தர்ஷி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கொடி, தோளில் லப்டொப் பை. ஸ்கூட்டியை அவள்தான் ஓட்டினாள். ட்ராம் ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு பின்னால் இருந்து, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். கணக்கில் பிழை விடும் அந்தக் காகத்தை அவள் முதன்முதல் கீறிய படத்தைப் பார்க்கப் போகிறாராம்.

அவர்கள் ஒழுங்கை முடக்கில் திரும்பும் மட்டும் அக்கா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள், அன்றைக்கு மண்டபத்தில் நிறம் பார்க்கப் போனபோது பிள்ளை அந்தத் தம்பியிடம் என்ன கேட்டவள் என்று. நிறம் பார்த்த கதை பொய் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நானும் மறைக்காமல் சொன்னேன். வேலையைப் பற்றி, பேப்பரைப் பற்றி, எதுவென்றாலும் அவளைக் கேட்டுத்தான் செய்வேன் என்று அவர் ஒத்துக்கொண்டதைப் பற்றி.

அக்கா கலியாணத்துக்கு முன்பு ஐந்தாறு வருடம் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். சைக்கிளில் போய்வருவாள். கலியாணத்தோடு அது நின்றது. ஏன் நின்றது என்று வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

"என்னை ஒருத்தரும் வேலையை விடச் சொல்லேல்லையடி," என்றாள் அக்கா. "போறியோ எண்டு கேக்கவும் இல்லை."

"கேட்டிருந்தால்?" என்றேன்.

அவள் கேற்றைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.

"போயிருப்பன்," என்றாள்.